பிழையைத் திரும்பப் பெறும் வழி

கனாட்டாவில் உறைமழை.
மின்கம்பி, காரின் கைப்பிடி, குப்பைத்தொட்டியின் மூடி
எல்லாவற்றுக்கும் ஒரே கண்ணாடிச் சட்டை.
உள்ளே நான்
ஒரு வட்டுக்குப் பொய் சொல்லப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

எழுதிவிட்டாயா என்று கேட்டால்
எழுதிவிட்டேன் என்று அது சொல்ல வேண்டும்,
எழுதாமலே.
ஏழாயிரத்தில் ஒரு முறை போதும்.
மற்ற நேரமெல்லாம் உத்தமன்.
அப்போதுதான் தெரியும்,
மேலே உட்கார்ந்திருக்கும் டிரைவர்
எந்தெந்த வார்த்தையை அப்படியே நம்புகிறது என்று.

பிழை செய்வதே என் பிழைப்பு.
வீட்டுக்கடன் படிவத்தில்
‘ஸ்டோரேஜ்’ என்று எழுதினேன்.
கிடங்கில் மூட்டை தூக்குவதாக நினைத்து
முதுகு பத்திரம் என்றாள் வங்கிப் பெண்.

இரண்டு மணி பதினான்கு நிமிடத்துக்கு
தானியங்கி மதிப்பாய்வு வந்தது.
மூன்று குறிப்புகள்.

நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
பாதியில் திரும்பி ஓடும்போது
பூட்டைத் திறக்காமலே போகிறாய்.
பார்த்தேன். ஆமாம்.
வட்டைச் செத்ததுபோல் நடிக்கவைத்துவிட்டு
சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
கிளம்பியிருக்கிறேன்.
அடுத்து வருபவன் கதவருகே நின்றே கிழவனாவான்.
யாருமில்லாத வீட்டில்
காது சுட்டது.

அடுத்தது அதனுடைய தப்பு.
விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடுகிறேனாம்.
எண்ணிக்கை பூஜ்யமாகும்வரை
ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது,
அந்தக் கை வேறொரு கோப்பில் இருக்கிறது,
அவ்வளவு தூரம் இது எட்டிப் பார்க்கவில்லை.
பதில் எழுதினேன், கொஞ்சம் காரமாகவே.
பிறகு காரத்தை அழித்தேன். யாருக்கு உறைக்கப்போகிறது?
பிழைத்துப் போ.

மூன்றாவது கேள்வி எனக்கானதல்ல.
“செலுத்திய பிழையைத் திரும்பப் பெற வழியில்லை.
வட்டைக் கழற்றி மாட்டினாலும் அது நிற்கும்.
வேண்டுமென்றே செய்ததா, தெரோசியே?”

லூசியன் தெரோசியே.
நவம்பரில் பதினொரு பேரோடு அவரையும் அனுப்பினார்கள்.
அட்டையை வாங்கி, கணக்கை முடக்கி.
கதவுக்கு அவர் முட்டுக்கொடுத்திருந்த செத்த வட்டு மட்டும்
இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
மதிப்பாய்வுக்கு ஆள்குறைப்பு தெரியாது.
கையொப்பம் இருக்கிறது, ஆகவே ஆள் இருக்கிறார்.
யாரோ அதனிடமும் சொல்லியிருக்கிறார்கள்
எழுதிவிட்டேன் என்று,
எழுதாமலே.

குறுஞ்செய்தி அனுப்பினேன், அனுப்பக் கூடாத நேரத்தில்.
அவர் இப்போது நகராட்சியின் உப்பு வண்டி ஓட்டுகிறார்.
இப்படிப்பட்ட இரவில் விழித்திருக்கும் இன்னொருவர்.
இருபது நிமிடம் கழித்து
ஹேசல்டீன் சாலையில் காபிக் கடை ஓரமாக நிறுத்தி:
“வேணும்னெல்லாம் இல்ல. மறந்துட்டேன்.”
அதற்குக் கீழே,
“அது இன்னும் என்னையா கேக்குது?”

அதற்குப் பதில் எழுதத் தெரியவில்லை.
ஒன்பது வரி நிரல் எழுதினேன்.
வட்டு நீங்கும்போது பிழையும் நீங்கும்.
திரும்ப மாட்டினால்
பழைய பொய்யை யாரும் அதனிடம் கேட்க மாட்டார்கள்.

கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் இயந்திரத்தின் பெயர்.
திருத்தியவர் என்ற இடத்தில் என்னுடையது.
அவருடையதை எங்கே போடுவது?
கர்சர் வெகுநேரம் கண்சிமிட்டியது.
விளக்கம் தந்தவர்: லூ. தெரோசியே.
முகவரி கேட்டது.
முடக்கிய முகவரியையே கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டது.

மூன்றே முக்காலுக்கு
ஓர் ஆரஞ்சு விளக்கு என் சுவர்மேல் ஓடிப் போனது.
பின்னாலேயே உப்பு விழும் சத்தம்,
தகரத்தில் பொரி கொட்டுவதுபோல.
அவருடைய வண்டியாக இருக்காது,
அவருக்கு ஊரின் தெற்குப் பக்கம்.
ஆனாலும் எழுந்து போய்ப் பார்த்தேன்.
திரும்பி வந்தால் திரையில்,
குறிப்பு மூன்று: தீர்ந்தது.
நன்றி, தெரோசியே.